மண்ணில்லாத் தோட்டமும் நீர்வேலிக் கிணறும்

பருத்தித்துறை வீதியால் நல்லூர், கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய் என ஒவ்வோர் ஊராகக் கடந்து நீர்வேலியை அணுகும்போது கண்ணை முதலில் நிறைப்பது செம்மண்ணின் நிறம். சோளகம் ஓய்ந்து, மாரி இன்னும் பிறவாத புரட்டாதி மாதக் கடைசியில் அந்தச் சிவப்பு புழுதியாக எழுந்து வேலி ஓலைகளிலும் படிந்திருக்கும். வீதியின் இருமருங்கும் வாழைத் தோட்டங்கள்; அவற்றினிடையே மாரிப் பயிருக்கெனக் கொத்திப் புரட்டிய தறைகள்; தறைகளைச் சுற்றி நூல் பிடித்தாற்போன்ற வாய்க்கால்கள்; வாய்க்கால்களின் தலைப்பில் ஒரு கிணறு. மழைக்காலத்தில் மாத்திரம் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று சொல்ல வேறொன்றும் இல்லாத குடாநாட்டில், மண்ணையும் எருவையும் கிணற்றையும் நம்பியே வாழ்வை அமைத்துக்கொண்ட ஊர்களுள் இதுவும் ஒன்று.

இப்படிப்பட்ட ஊரிலே மண்ணே இல்லாமல் கீரை வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் யாருக்குத்தான் போய்ப் பார்க்கும் ஆவல் எழாது? அதுவும் அந்த வித்தை நடந்தது என் சின்னம்மா வீட்டு விறாந்தையில்!

"பேரன் தண்ணிக்குள்ளை சலாது வளர்க்கிறான், தம்பி. ஊர்ச்சனம் வந்து பார்த்துச் சிரிக்குது. நீரும் ஒருக்கால் வந்து பாருமன்" என்று சித்தப்பா தொலைபேசியில் அழைத்தபோது, அவர் குரலில் பரிகாசத்தோடு சிறிது பெருமையும் கலந்திருந்தது. அவர் இளமையிற் துலா மிதித்து நீர் இறைத்தவர். பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரத்தையும், அதன்பின் மின்சார மோட்டாரையும் கண்டவர். புதுமையை அவர் வெறுப்பவரல்லர். ஆனால் தம் கையாற் தொட்டுப் பாராத எதனையும் நம்புபவரும் அல்லர்.

பேரன் உயர்தர வகுப்பில் உயிரியல் பயில்பவன். பழங்கள் அடைத்து வரும் ரெஜிபோம் பெட்டிகள் நான்கை எங்கிருந்தோ தேடிக் கொணர்ந்து, உள்ளே கறுப்புப் பொலித்தீன் விரித்து, மூடியில் வட்டத் துளைகள் இட்டிருந்தான். ஒவ்வொரு துளையிலும் ஒரு யோகட் கோப்பை. கோப்பையில் தும்புத்தூளும் சிறிது மணலும். அதிலே ஒரு சலாது நாற்று. பெட்டியினுள் தண்ணீரும், கடையில் வாங்கிய அல்பேர்ட் கலவை என்னும் பசளை உப்பும். நம் நாட்டில் இம்முயற்சியில் இறங்குவோர் பெரும்பாலோர் தொடங்குவது இந்தப் பொதியிலேதான். ஹைட்ரோபோனிக்ஸ் என்று மேனாட்டார் பெயரிட்ட மண்ணில்லாப் பயிர்ச்செய்கையின் மிக எளிய வடிவம் இது. பம்பியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

ஆயினும் நாற்றுகள் நலமாக இல்லை. இளம் இலைகள் நரம்பு மாத்திரம் பச்சையாக, இடையெல்லாம் மஞ்சளாகக் கிடந்தன. சில செடிகள் வேரழுகித் தலை சாய்த்திருந்தன.

"பாத்தீரோ? மண்ணில்லாமல் சத்து எங்காலை வரும்?" என்றார் சித்தப்பா.

"நான் அப்பவே சொன்னனான், கொஞ்சம் சாணித்தண்ணி கரைச்சு விடடா எண்டு. மருந்து போட்ட கீரையை ஆர் தின்னுறது?" என்றார் சின்னம்மா.

"இல்லை மாமா, புத்தகத்திலை மண்ணிலும் பார்க்கப் பத்து மடங்கு விளையும் எண்டு போட்டிருக்கு. நான்தான் எங்கேயோ பிழை விட்டிட்டன்" என்றான் பையன், அழாக்குறையாக.

முப்பது ஆண்டுகள் இரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இம்மூவர் வாயிலிருந்தும் வந்தவை, இந்தத் துறையில் அடியெடுத்து வைப்போர் அனைவரும் கொண்டிருக்கும் எண்ணங்களே என்பது எனக்குத் தெரியும். மூவருமே பாதி சரி, பாதி தவறு. சின்னம்மா தந்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, முதலிற் சித்தப்பாவின் கேள்வியை எடுத்துக்கொண்டேன்.

அவர் கேட்டதை நானூறு ஆண்டுகளுக்கு முன் பெல்ஜிய நாட்டு அறிஞர் வான் ஹெல்மொன்ட் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். உலர்த்தி நிறுத்த 200 இறாத்தல் மண்ணை ஒரு தொட்டியிலிட்டு, அதில் 5 இறாத்தல் நிறையுள்ள அலரி இன மரக்கன்று ஒன்றை, 'வில்லோ' என்று சொல்வார்களே அதனை, நட்டு, ஐந்து ஆண்டுகள் மழைநீரை மாத்திரமே வார்த்தார். மரம் 169 இறாத்தலுக்கு மேல் வளர்ந்தது. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தபோது குறைந்திருந்தது ஏறத்தாழ இரண்டு அவுன்சு! மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே உண்டாயிற்று என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்தபின் 1648ஆம் ஆண்டில் வெளியான நூலில் இது காணப்படுகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவும் சூரிய ஒளியும் மரத்தின் உடலைக் கட்டுகின்றன என்பதை அவர் அறிந்திலர். குறைந்த அந்த இரண்டு அவுன்சையும் அவர் பொருட்படுத்தவில்லை. உண்மையில் சூட்சுமம் முழுவதும் அந்த இரண்டு அவுன்சிலேதான் இருந்தது.

அதனைக் கண்டுகொள்ள ஓர் ஆங்கிலேயர் வேண்டியிருந்தது. ஜோன் வுட்வேர்ட் என்பவர் புதினா இனத்துச் செடிகளை மழைநீரிலும், தேம்சு நதி நீரிலும், லண்டன் பூங்காவொன்றின் வடிகால் நீரிலும் தனித்தனியே வளர்த்து, 1699ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். தூய மழைநீரில் செடி சோர்ந்தது. அழுக்கு நீரில் செழித்தது. ஆகவே செடிக்கு வேண்டியது தண்ணீர் மாத்திரமன்று, தண்ணீரிற் கரைந்திருக்கும் ஏதோ ஒன்று என்று தெளிவாயிற்று. அந்த 'ஏதோ ஒன்று' நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், கல்சியம், மகனீசியம், இரும்பு முதலியவற்றின் உப்புகளே என்பதை 1860களில் ஜெர்மனியிற் சாக்ஸ், நொப் என்னும் இருவரும் நிறுவினர். மண்ணின்றிக் கண்ணாடிக் குடுவையில், உப்புக் கரைசலிலேயே செடிகளை விதையிலிருந்து விதைவரை வளர்த்துக் காட்டினர்.

"அப்ப மண் எதுக்கு?" என்றார் சித்தப்பா.

மண் செடிக்கு வீடு, பண்டகசாலை, சமையலறை. சின்னம்மாவின் சாணித்தண்ணீரையும் இதைக்கொண்டே விளங்கிக்கொள்ளலாம். சாணத்தையும் குழையையும் வேர் அப்படியே உண்பதில்லை. மண்ணிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து, நைத்திரேற்று முதலிய உப்புகளாக மாற்றிக் கொடுத்த பின்னரே வேர் உறிஞ்சுகிறது. அச்சமையற்காரர் இல்லாத பெட்டிக்குள் சாணத்தைக் கரைத்தால், அது நீரிலுள்ள ஒட்சிசனைத் தின்று நாற்றமெடுக்குமேயன்றிப் பசளையாவது அரிது. எருவிலிருந்து வந்த நைத்திரேற்றும் பொதியிலிருந்து வந்த நைத்திரேற்றும் வேருக்கு ஒன்றே. ஆகவே பொதியைப் பூச்சிமருந்தோடு சேர்த்து 'மருந்து' என்று அழைப்பது பொருந்தாது.

இதில் ஒரு படிப்பினையும் உண்டு. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்து, அவ்வாண்டு நவம்பரில் அத்தடையைக் கைவிட்டதை யாவரும் அறிவர். 1990களிற் பொருளாதாரத் தடையின் கீழ் யூரியாவின்றித் தோட்டஞ் செய்த அனுபவமும் யாழ்ப்பாணத்தாருக்கு உண்டு. அத்தகைய நாட்களில் மண்ணிற் பயிரிடுபவன் பட்டி எருவையும் பூவரசங் குழையையும் நாடலாம். உப்புக் கரைசலை நம்பியவனுக்குப் பொதி இல்லையேல் வழியில்லை.

பையனின் 'பத்து மடங்கு' கதைக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய கெரிக்கே என்பவர் 1929ஆம் ஆண்டு முதல் இம்முறையை ஆய்வுகூடத்திலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுவர முயன்றார். அவர் நீர்த்தொட்டிகளில் 25 அடி உயரமாக வளர்த்த தக்காளிக் கொடிகளை ஏணிவைத்துப் பறிக்கும் காட்சி பத்திரிகைகளிற் பரவியது. ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயர் 1937ஆம் ஆண்டில் அவர் வழியாகவே வழக்கில் வந்தது. இனி உழவே வேண்டாம், மாடிவீட்டில் இருந்தவாறே குடும்பத்துக்கு வேண்டியதையெல்லாம் விளைவிக்கலாம் என்று ஒரு மோகம் கிளம்பிற்று. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோக்லண்ட், ஆர்னன் என்னும் இருவர் இதனை நிதானமாக ஆராய்ந்து 1938ஆம் ஆண்டில் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டனர். நல்ல மண்ணுக்கு நல்ல பராமரிப்புக் கிடைத்தால், நீர்வளர்ப்பு அதனிலும் மேலான விளைச்சலைத் தருவதில்லை என்பது அவர்கள் முடிவு. உலகெங்கும் மாணவர் இன்று பயன்படுத்தும் ஹோக்லண்ட் கரைசல், அம்மோகத்தைத் தணித்த மனிதரின் பெயரையே தாங்கி நிற்பது சுவையான செய்தி.

ஆகவே நீர்வேலிச் செம்மண்ணோடு போட்டியிட்டுப் பெட்டி வெல்லும் என எதிர்பார்ப்பது வீண். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அமெரிக்கப் படையினர் அட்லாண்டிக் சமுத்திரத்தில் எரிமலைப் பாறையாகிய அசென்சன் தீவிற் சரளைக்கல் தொட்டிகளில் மரக்கறி விளைவித்தனர், அங்கே மண்ணில்லை. நம் குடாநாட்டிலும் சீமெந்து முற்றமுள்ள பட்டினத்து வீடுகளுக்கும், தரை உவர்பட்ட கரையோர நிலங்களுக்கும், குனிந்து கொத்த இயலாத முதியோருக்கும் இது ஏற்றதே. சலாது, கொத்தமல்லி, கங்குன் முதலிய இலைவகைகள் எளிதில் வரும். வெங்காயத்தையும் மரவள்ளியையும் இதில் எதிர்பார்த்தல் வேண்டாம்.

இவ்வளவும் சொல்லி முடித்தபின், செடிகள் ஏன் வாடின என்ற கேள்வி அப்படியே இருந்தது. பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் விளிம்புவரை நிரம்பியிருந்தது.

"ஒவ்வொரு நாளும் குறையிறதை நிரப்பிவிடுவன், மாமா" என்றான்.

அதுதான் வேரழுகலுக்குக் காரணம். நீரில் வாழ்வதாலேயே வேருக்குக் காற்று வேண்டாமென்று பலரும் நினைக்கின்றனர். பம்பியில்லாத பெட்டியில் நீர்மட்டம் இறங்க இறங்க மூடிக்கும் நீருக்கும் இடையே ஒரு வெற்றிடம் உண்டாகும். மேல்வேர்கள் அந்த ஈரக்காற்றிலிருந்தே ஒட்சிசனைப் பெறுகின்றன. மீண்டும் விளிம்புவரை நிரப்பினால் அவ்வேர்கள் மூழ்கி இறக்கும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராற்கி என்பவர் பரப்பிய முறையின் அடிப்படையே இந்த வெற்றிடந்தான். மேலும், நீர் சூடேறச் சூடேற அதிற் கரையும் ஒட்சிசன் குறையும். நம் வெயிலில், விறாந்தையின் மேற்குப் பக்கத்தில் வைத்த பெட்டி, அடுப்பில் வைத்தது போலாகிவிடும். மண் இல்லாததால் நோயும் இல்லை என்பதும் மயக்கமே. ஒரு வேரிற் பற்றிய அழுகல் பொது நீர்வழியே பெட்டி முழுவதும் ஒரே இரவில் உலாவி வரும். துளையைச் சுற்றி இடைவெளி விட்டால் நுளம்பும் குடிபுகும். டெங்கு பரவும் காலத்தில் இதனை மறத்தலாகாது.

மஞ்சள் நிறத்துக்குக் காரணம் வேறு. பையன் கெட்டிக்காரன், அதை அறியக் கிணற்று நீரை ஒரு போத்தலில் எடுத்துப் பரிசோதிக்கக் கொடுத்திருந்தான். அறிக்கையை என்னிடம் நீட்டினான். எதிர்பார்த்தவாறே கல்சியமும் இருகாபனேற்றும் மிகுதி. காரத்தன்மை கூடிய கடின நீர். சவர்க்காரம் நுரையாமலும், கேத்திலின் அடியில் வெண்படை படிந்தும் நாம் நாள்தோறும் காணும் அதே நீர்தான். இத்தகைய நீரில் இரும்பு கரைசலில் நில்லாது படிந்துவிடும். இரும்பு பெட்டிக்குள் இருந்தும் செடிக்குக் கிட்டாது. ஆகவே இளம் இலைகள் நரம்பு பச்சையாகவும் ஏனையவை மஞ்சளாகவும் தோன்றும். பீஎச் பெறுமானம் 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருத்தல் வேண்டும். சிறிதளவு அமிலத்தால் அதனைத் தாழ்த்தலாம். மழைநீரைக் கலப்பது அதனிலும் நன்று. தண்ணீர் எல்லாம் தண்ணீர்தானே என்றெண்ணித் தொடங்குவதே யாழ்ப்பாணத்தில் இத்தோட்டம் செய்வோர் பலருக்கு முதற் சறுக்கல்.

அறிக்கையின் கடைசி வரியைப் பையன் விரலாற் சுட்டினான்.

"நைத்திரேற்றும் கூடவாம், மாமா. அது நல்லதுதானே? சலாதுக்குக் காசில்லாமல் பசளை."

அந்த எண்ணைப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இது அதற்கு மேலே நின்றது. அதே வேளையில் உள்ளறையிலிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டது. பையனின் தமக்கை பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். பிள்ளைக்கு இரண்டு மாதம். தாய்ப்பால் போதாமையாற் பால்மாவும் கரைத்துக் கொடுக்கிறார்கள் என்று சின்னம்மா சற்று முன்னர்தான் சொல்லியிருந்தார்.

"பால்மா எந்தத் தண்ணியிலை, சின்னம்மா?"

"வேறை எந்தத் தண்ணி? கிணத்துத் தண்ணிதான். நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறம்" என்றார், பிழை கண்டுவிட்டேனோ என்ற முகத்தோடு.

கொதிக்கவைத்தாற் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். பெரியோர் உடம்பு அதைத் தாங்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவின் குருதியோ, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் நிலைக்கு ஆளாகக்கூடும். நான் அதை மெல்லவே சொன்னேன். யாரும் பேசவில்லை. சித்தப்பா எழுந்து போய்ச் சைக்கிளை எடுத்து, கடையிலிருந்து போத்தல் தண்ணீரோடு திரும்பி வந்தார்.

பிள்ளை நலமாகவே இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வாசகர் கவலைப்பட வேண்டியதில்லை. ஆயின் அன்று பிற்பகல் நாங்கள் விறாந்தையில் இருக்கப் பிடிக்காமல் வெளியே புறப்பட்டோம்.

சிறுப்பிட்டியைக் கடந்து புத்தூருக்குப் போய், அங்கிருந்து சுன்னாகம் செல்லும் வீதியில் மேற்கே திரும்பினால் நிலாவரைக் கிணறு. இராமபிரான் வானரசேனையின் தாகந் தீர்க்க அம்பு ஊன்றி உண்டாக்கியது என்பது ஐதிகம். அடி காணாத கிணறு என்பர். சுண்ணக்கற் பாறை நீரிற் கரைந்து குகையாகி, கூரை இடிந்து விழுந்த பள்ளம் என்பது புவியியலாளர் கூற்று. இரண்டையும் நம்புவதில் எனக்கு இடர்ப்பாடு எதுவுமில்லை. மேலே நின்று பார்த்தால் தெளிந்த நீலம். மேல்நீர் நன்னீர், ஆழத்திற் செல்லச் செல்ல உப்பு.

"இதுதான் எங்கள் எல்லோருடைய பெட்டி" என்றேன் பையனிடம்.

குடாநாடு ஏறத்தாழ ஆயிரம் சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள ஒரு சுண்ணக்கற் பலகை. ஆண்டில் 1,250 மில்லிமீற்றர் அளவிற் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிவரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. அது பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கிறது. நன்னீர் உப்புநீரிலும் சற்று இலேசானதாகையால், கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நன்னீர் தங்கும் என்பது கணக்கு. மாறாகப் பார்த்தால், அளவுக்கு மிஞ்சி இறைத்து ஓரடியை இழந்தால் கீழே 40 அடியளவு உப்பு மேலெழ இடமுண்டாகும். சித்தப்பா துலா மிதித்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. மோட்டாருக்குக் களைப்பு ஏது?

இங்கேதான் மண்ணில்லாப் பயிர்ச்செய்கைக்கு ஒரு நியாயம் பிறக்கிறது. தண்ணீரில் வளர்ப்பதனால் தண்ணீர் அதிகம் செலவாகும் என்பது எல்லோரும் முதலிற் கொள்ளும் எண்ணம். உண்மை நேர்மாறானது. 2015ஆம் ஆண்டில் அரிசோனாவிற் சலாதை வைத்து நிகழ்த்திய ஒப்பீட்டில், ஒரு கிலோ விளைவிக்க நிலத்தில் 250 லீற்றரும், மூடிய கூடத்து நீர்வளர்ப்பில் 20 லீற்றரும் ஆண்டுக் கணக்கில் வேண்டியிருந்தன. ஆனால் குளிரூட்டலும் வெப்பமூட்டலும் விளக்குகளும் சேர்ந்து, அக்கூடம் எண்பது மடங்குக்கு மேற்பட்ட சக்தியை விழுங்கிற்று. பையனின் பெட்டிக்கு அந்தச் செலவு இல்லை. நிழலும் ஓட்டு விறாந்தையும் போதும்.

சுன்னாகம் வழியாக வடக்கே திரும்பினோம். அங்கு மின்நிலையத்தை அண்டிய கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்த கதையைப் பையன் சிறுவயதில் கேட்டிருக்கிறான். வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019ஆம் ஆண்டில் நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பாயிற்று. ஓரிடத்தில் ஊற்றியது ஓரிடத்தோடு நில்லாது என்பதை ஊர் கண்கூடாகக் கண்ட நிகழ்ச்சி அது. நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஆகையால் அதற்கு அத்தனை ஆரவாரம் எழவில்லை. வலிகாமத்துக் கிணறுகளில் அது மிகுந்திருப்பதை ஆராய்ச்சியாளர் 1980களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டனர். தோட்டத்து யூரியாவும் வீடுகளின் மலக்குழிகளும் அதற்குக் காரணம். செம்மண் மெல்லிய போர்வை. அதன்கீழே ஓட்டை விழுந்த பாறை.

கீரிமலையை அடைந்தபோது வெயில் தணிந்திருந்தது. போர்க்காலத்தில் நீண்ட ஆண்டுகள் மக்கள் சுதந்திரமாகச் செல்லவியலாதிருந்த இடம். இன்று கேணியிற் சிறுவர் குதித்து நீந்துகின்றனர். கேணிச் சுவருக்கு அப்பால் உப்புக் கடல். சுவருக்கு இப்பால் பாறையிலிருந்து ஊறும் நன்னீர். நிலாவரையிற் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்று ஊரில் ஒரு கதை உண்டு. பழம் வந்து சேருமோ சேராதோ, பாறைக்குள் நீர் ஊர்விட்டு ஊர் செல்கிறது என்பதை நம் முன்னோர் அறிந்தே அக்கதையைப் புனைந்திருக்கின்றனர்.

சித்தப்பா காலை நீரில் வைத்தவாறு, "இந்தப் பெட்டித் தண்ணி முடிஞ்சால் எங்கை ஊத்துறனி?" என்று பேரனைக் கேட்டார். அன்று முழுவதும் கேட்கப்பட்டவற்றுள் மிகச் சிறந்த கேள்வி அதுதான்; நான் கேட்டிருக்க வேண்டியது.

"கிணத்தடி வாய்க்காலுக்குள்ளை, அப்பப்பா."

கேணிப்படியில் இருந்தவாறே கணக்குப் போட்டோம். நிறைவலுவுள்ள ஹோக்லண்ட் கரைசலில் லீற்றருக்கு ஏறத்தாழ 930 மில்லிகிராம் நைத்திரேற்று உண்டு. குடிநீர் எல்லையின் பதினெட்டு மடங்கிற்கு மேல். அத்தகைய கரைசல் ஒரு வாளி, அதாவது 10 லீற்றர், நைத்திரேற்றே இல்லாத நீரில் ஏறத்தாழ 175 லீற்றரை எல்லைவரை கொண்டு வந்துவிடும். செடி ஒரு பகுதியை உண்டிருக்கும் என்பது மெய். ஆனால் பெட்டியிலிருந்து நீர் உப்பிலும் வேகமாக இலைவழியே வெளியேறுவதால், குறைந்ததை ஈடுசெய்ய மேலும் மேலும் பசளைக் கரைசலையே வார்ப்பவன் பெட்டியில் இறுதியில் எஞ்சுவது முதலில் இட்டதிலும் கடுமையாகவே இருக்கலாம். பசளை கூடினால் வளர்ச்சியும் கூடும் என்ற எண்ணம் இலைநுனியைக் கருக்கும். பின்பு கிணற்றையும் கெடுக்கும். ஈடுசெய்யும் நீர் வெறும் நீராயிருத்தலே பொதுவான விதி. மண்ணில்லாத் தோட்டம் மண்ணை விட்டு விலகிய தூய தோட்டம் என்கிறார்களே, நீர்வேலியில் அது கிணற்றிலிருந்து வந்து கிணற்றுக்கே திரும்புகிறது.

பையன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். அவன் ஊற்றிய நான்கைந்து வாளிகளா அக்கிணற்றைக் கெடுத்தன? இல்லை; அது பல தலைமுறை யூரியாவின் வேலை, அதில் சித்தப்பாவின் பங்கும் உண்டு. அதை அவர் தாமே சொன்னார். "வெங்காயத்துக்கு அள்ளி அள்ளிப் போட்டது நான்தானே" என்றார், கடலைப் பார்த்துக்கொண்டு. அவரை மறுத்துரைக்க எனக்கு மனம் வரவில்லை, ஆமோதிக்கவும் வரவில்லை.

திரும்பும் வழியில் ஏற்பாடுகள் பேசி முடிவாயின. பெட்டிக்கு அரை வலுவான கரைசல் போதும். மஞ்சள் இலைக்கு மழைநீர். கழிவு நீரைப் பத்து மடங்கு வெறுநீரில் கலந்து, கிணற்றுக்கு அப்பாலுள்ள வாழைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் சிறிது சிறிதாக, மழையில்லாத நாளில் ஊற்றுவது. வாழை பேருண்டிக்காரி, வேருக்கு எட்டும் அளவில் கொடுத்தால் பாறைக்குப் போகவிடாமல் உண்டுவிடும். கிணற்று நீரில் ஏற்கெனவே இருக்கும் நைத்திரேற்றைக் கணக்கிற் சேர்த்து வெங்காயத்துக்கு யூரியாவைக் குறைப்பது என்பது சித்தப்பாவின் யோசனை. "சலாதுக்குக் காசில்லாத பசளை எண்டால் வெங்காயத்துக்கும் அப்படித்தானே" என்றார். பேரன் சொன்ன தவறான வார்த்தையிலிருந்து அந்தக் கிழவர் எடுத்துக்கொண்ட சரியான பாடம்! அயற்தோட்டக்காரரும் அவ்வாறு செய்தாலன்றிக் கிணறு தேறாது என்பதை அவரும் அறிவார்.

ஐப்பசி இரண்டாம் வாரத்தில் மழை விழுந்தது. அன்றிரவே சின்னம்மா தொலைபேசியில் அழைத்தார். கலியாண வீடுகளுக்கு இரவல் கொடுக்கும் பெரிய கிடாரத்தைத் தாழ்வாரத்தின் கீழே வைத்தாராம். முதல் மழையைக் கூரை கழுவிப் போகவிட்டு, இரண்டாம் மழையை வெள்ளைத் துணியில் வடித்துப் பிடித்தாராம். அதைக் கொதிக்கவைத்துப் பிள்ளைக்குப் பால் கரைத்தாயிற்று. மிச்சத்துக்குப் பேரன் வாளியோடு காத்து நிற்கிறான் என்றார்.

"சலாது என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"புதுக் குருத்து ரெண்டு பச்சையாத்தான் வருது. ஆனால் தம்பி, ஒண்டு சொல்லுறன், அதின்ரை ருசி எனக்குப் பிடிக்கேல்லை. நான் முருங்கையிலைதான் வறுக்கிறனான்" என்றார் சின்னம்மா.